நெடுந்தூரப் போட்டிக்கு முதல் தோட்டா எது?

கேள்வி: நான் மூன்று ஆண்டுகளாக கிளப்பில் .22 ரைஃபிளில் 50 மீட்டர் சுட்டு வருகிறேன். அடுத்ததாக 600 முதல் 1000 யார்டு வரையிலான நெடுந்தூரப் போட்டிகளில் இறங்க ஆசை. ஒரே ஒரு ரைஃபிள் வாங்கத்தான் பணம் இருக்கிறது. தோட்டாவை நானே நிரப்பும் பழக்கம் இல்லை, கடைத் தோட்டாதான். கிளப்பில் மூத்தவர் ஒருவர் “.308 தவிர வேறு எதையும் தொடாதே” என்கிறார். என் வயதுக்காரர்கள் 6.5 கிரீட்மோர் என்கிறார்கள். ஒருவர் மட்டும் “எடுத்ததுமே .300 மேக்னமாக எடுத்துவிடு, பிறகு மாற்ற வேண்டியிருக்காது” என்கிறார். நான் ஒல்லியான ஆள், துப்பாக்கி உதைக்கும் என்ற பயமும் கொஞ்சம் உண்டு. எதை வாங்குவது? இன்னொன்று: மாமாவின் பழைய .30-06 வேட்டை ரைஃபிள் இருக்கிறது. அதை வைத்தே முதல் போட்டிக்குப் போகலாமா?

பதில்: முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். எந்த வகைப் போட்டி என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் 6.5 கிரீட்மோர் வாங்குங்கள். எஃப்-கிளாஸ் என்ற படுத்துச் சுடும் போட்டியின் டி.ஆர். பிரிவில்தான் சுடப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்டால் .308 வின்செஸ்டர் வாங்குங்கள், அங்கே விதியே அப்படி. .300 மேக்னம் வேண்டாம். இதற்கு மேல் படிக்காமல் கடைக்குப் போனாலும் பெரிய தவறு நடந்துவிடாது. ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் வேறொன்றைச் சொல்லும்போது மறுபடியும் மனம் ஊசலாடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

நீங்கள் “நெடுந்தூரப் போட்டி” என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விளையாட்டுகள் இருக்கின்றன. எஃப்-கிளாஸில் குப்புறப் படுத்து, பைபாட் அல்லது முன்தாங்கியில் ரைஃபிளை வைத்து, ஸ்கோப் வழியாக ஒரே டார்கெட்டை நிதானமாகச் சுடுவார்கள். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குஹார்சன் என்பவர் தொடங்கிவைத்த வகை இது. எஃப் என்ற எழுத்தே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். இதில் இரண்டு பிரிவுகள். ஓபன் பிரிவில் விருப்பப்பட்ட தோட்டா, சர்வதேச விதிப்படி ரைஃபிள் 10 கிலோ வரை இருக்கலாம். டி.ஆர். பிரிவில் .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன் மட்டும்தான், எடை 8.25 கிலோவுக்குள். 1876-ல் தொடங்கிய பால்மா போட்டியின் வழி வந்த டார்கெட் ரைஃபிள் வகை இன்னும் கறார்: ஸ்கோப் கிடையாது, கையில் ஸ்லிங், கண்ணுக்குத் துளைக் குறிமானி, 800, 900, 1000 யார்டு. பால்மாவிலும் தோட்டா பெரும்பாலும் .308 தான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இருப்பது பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) பாணிப் போட்டி. ஒரு தடுப்புப் பலகை மேலோ, கவிழ்த்துவைத்த பீப்பாய் மேலோ, கூரைச் சரிவு மாதிரி கட்டிய மரச்சட்டத்தின் மேலோ ரைஃபிளை ஒரு பையில் சாய்த்து, ஒன்றரை இரண்டு நிமிடத்துக்குள் வெவ்வேறு தூரத்தில் இருக்கும் இரும்புத் தகடுகளை எட்டுப் பத்து முறை அடிக்க வேண்டும். பிறகு அடுத்த ஸ்டேஜ். அங்கே .30 காலிபரைத் (0.30 அங்குலத் துளை) தாண்டக்கூடாது, புல்லட்டின் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனை) வேகம் நொடிக்கு 3200 அடியை, அதாவது 975 மீட்டரை மீறக்கூடாது. மற்றபடி எந்தத் தோட்டாவும் சரி. .308-க்கும் .223-க்கும் மட்டுமென்று தனிப் பிரிவு ஒன்றும் உண்டு.

உங்கள் கிளப் மூத்தவர் .308 தவிர வேறு எதையும் தொடாதே என்று சொல்வது இதனால்தான் இருக்கும். அவர் டி.ஆர். அல்லது டார்கெட் ரைஃபிள் ஆளாக இருந்தால் அவர் உலகத்தில் அது முழு உண்மை. 6.5 என்று சொல்லும் உங்கள் வயதுக்காரர்கள் இரும்புத் தகடு அடிப்பவர்களாக இருப்பார்கள். இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு கேள்விக்கு. ஆகவே துப்பாக்கிக் கடைக்கு முன்னால், நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் எந்தப் போட்டி மாதாமாதம் நடக்கிறது என்று பாருங்கள். அதன் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். அப்புறம் உங்கள் நாட்டுச் சட்டம்: சில நாடுகளில் ராணுவம் பயன்படுத்தும் தோட்டாக்களைத் தனியார் வைத்துக்கொள்ள முடியாது. அப்படியிருந்தால் .308, .223 இரண்டும் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடலாம்.

சரி, இப்போது காற்று. நெடுந்தூரத்தில் புவியீர்ப்பு யாரையும் தோற்கடிப்பதில்லை. புல்லட் எவ்வளவு கீழே இறங்கும் என்பது கணக்கு. தூரமும் வேகமும் தெரிந்தால் கைபேசிச் செயலியே சொல்லிவிடும், ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் முடிந்தது. காற்று அப்படி இல்லை. அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு மாதிரியும் டார்கெட் அருகே வேறு மாதிரியும் வீசும். தோட்டாக்களை ஒப்பிடும்போது ‘1000 யார்டில் எவ்வளவு விழுகிறது’ என்ற பத்தியை விட்டுவிட்டு ‘எவ்வளவு விலகுகிறது’ என்ற பத்தியைப் பாருங்கள்.

மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே ஒரு காற்று என்று வைத்துக்கொள்வோம். 6.5 கிரீட்மோரில் 140 கிரெயின் (புல்லட்டின் எடை அளவு) போட்டி புல்லட், நொடிக்கு 825 மீட்டர் வாக்கில் கிளம்பி 1000 யார்டு போய்ச் சேரும்போது ஏறத்தாழ 2 மீட்டர் பக்கவாட்டில் தள்ளப்பட்டிருக்கும். .308-ல் 175 கிரெயின் புல்லட், நொடிக்கு 790 மீட்டரில் கிளம்பினால், 2.7 மீட்டருக்குப் பக்கமாக விலகும். இந்த எண்கள் பேரல் நீளம், வெப்பம், உயரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடிக் குறையும். விகிதம் பெரிதாக மாறாது.

காற்றை நீங்கள் சரியாகக் கணித்துவிட்டால் 2 மீட்டராக இருந்தால் என்ன, 2.7 ஆக இருந்தால் என்ன, இரண்டையும் திருத்திவிடலாம். பிரச்சினை, கணிப்பு தவறும்போது. மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு பிசகினால்கூட 6.5-ல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், .308-ல் 27. எஃப்-கிளாஸ் டார்கெட்டில் முழுப் புள்ளி வளையத்தின் விட்டம் 1000 யார்டில் சுமார் 25 சென்டிமீட்டர்தான். அப்படியென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு 12-13 சென்டிமீட்டர். இரண்டு தோட்டாவிலுமே அந்தச் சின்னப் பிசகு உங்களை வளையத்துக்கு வெளியே தள்ளிவிடும் என்பதைக் கவனியுங்கள். எந்தத் தோட்டாவும் காற்றிலிருந்து யாரையும் காப்பாற்றாது. 6.5 தண்டனையைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான்.

ஒல்லியான 6.5 புல்லட்டால் இது எப்படி முடிகிறது? எடைக்குப் பொருத்தமான நீளமும் கூர்மையும் இருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பி.சி., அதாவது காற்றைக் கிழிக்கும் திறன், என்று பெட்டியில் போட்டிருப்பார்களே, அந்த எண் 140 கிரெயின் 6.5-க்கு 0.6-ஐத் தாண்டுகிறது. .308-ல் 175 கிரெயினுக்கு 0.5 வாக்கில். கிரீட்மோர் 2007-ல் ஹார்னடி நிறுவனத்தில் டேவ் எமரி, போட்டி வீரர் டென்னிஸ் டிமில் இருவரும் பேசிப் பேசி உருவாக்கியது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம் தோட்டாவின் பித்தளை ஓட்டின் நீளத்தைக் குறைத்ததுதான். .308 அளவு மேகசினில் மொத்தத் தோட்டா 71 மில்லிமீட்டருக்கு மேல் போக முடியாது. அதற்கு முன் இருந்த .260 ரெமிங்டனில் ஓடு நீளம், அதனால் நீண்ட புல்லட்டை உள்ளே அமுக்கி வைக்க வேண்டியிருந்தது. ஓட்டின் நீளத்தைக் குறைத்ததும் நீண்ட புல்லட் வெளியே தாராளமாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஆரம்பத்தில் பெட்டி மேலேயே வெடிமருந்து அளவையும் அச்சிட்டு விற்றார்கள், வீட்டில் நிரப்புபவர்கள் அதையே பின்பற்றட்டும் என்று. வியாபாரத்தில் அந்த மாதிரி வெளிப்படைத்தன்மையை நான் அதிகம் பார்த்ததில்லை.

காற்று விலகலை விட உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: உதை. நீங்களே அதைச் சங்கடத்தோடு எழுதியிருக்கிறீர்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. தோள் வலிப்பதைப் பற்றி நான் பேசவில்லை. போட்டி ரைஃபிள் கனமானது, .308 கூட யார் தோளையும் உடைத்துவிடாது. நான் பேசுவது கண்ணைப் பற்றி.

டிரிகரை அழுத்திய பிறகு புல்லட் 1000 யார்டு போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அந்த ஒன்றரை நொடிக்குள் ரைஃபிள் துள்ளி அடங்கி, ஸ்கோப்பில் மறுபடியும் டார்கெட் தெரிந்துவிட்டால், உங்கள் புல்லட் எங்கே விழுந்தது என்று நீங்களே பார்க்கலாம். தகட்டின் இடது விளிம்பில் பட்டதா, வலப்பக்கம் மண் தெறித்ததா, எத்தனை மில் (ஸ்கோப்பின் கோண அளவு) தள்ளி. அதைப் பார்த்தால் அடுத்த ஷாட்டைத் திருத்த முடியும். பார்க்காவிட்டால் அடுத்த ஷாட்டும் யூகம்தான். பி.ஆர்.எஸ். பாணிப் போட்டியில் நடுவர் “பட்டது” என்று மட்டும் குரல் கொடுப்பார், எங்கே பட்டது என்று சொல்லமாட்டார். தவறினால் அதுவும் இல்லை. தூரம் குறைவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 400 யார்டில் அரை நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும், அதற்குள் ரைஃபிள் அடங்கியாக வேண்டும்.

4.5 கிலோ எடையுள்ள ரைஃபிளில் உதையின் ஆற்றலைக் கணக்கிட்டால் .308, 175 கிரெயினில், சுமார் 17 ஜூல். 6.5 கிரீட்மோர் 12-13. சின்ன 6 மில்லிமீட்டர் தோட்டாக்கள் 8 வாக்கில். .223 வெறும் 4. உங்கள் நண்பர் சொன்ன .300 வின்செஸ்டர் மேக்னம், 200 கிரெயின் புல்லட்டோடு, 30-ஐத் தாண்டும். ரைஃபிள் கனமாக ஆக இந்த எண்கள் இறங்கும், பேரல் முனையில் பிரேக் (வாயுவைத் திருப்பி உதையைக் குறைக்கும் துண்டு) போட்டால் இன்னும் இறங்கும். ஆனால் வரிசை மாறாது. எஃப்-கிளாஸில் பொதுவாக பிரேக் போடவும் விடமாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் போட்டி வகைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. எஃப்-கிளாஸில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு டார்கெட்டைக் கீழே இறக்கி, துளையில் ஒரு வட்டைச் செருகி, மேலே ஏற்றிக் காட்டுவார்கள். அல்லது மின்னணுத் திரையில் புள்ளி வந்துவிடும். உங்கள் ஸ்கோப் துள்ளியதா இல்லையா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் டி.ஆர். ஆட்கள் 200 கிரெயின் புல்லட்டைக்கூட .308-ல் போட்டு, உதையைச் சகித்துக்கொண்டு, காற்று விலகலைக் குறைக்கிறார்கள். இரும்புத் தகடு அடிப்பவர்கள் அதற்கு எதிராக, உதை குறையக் குறைய நல்லது என்று 6 மில்லிமீட்டருக்கு இறங்கிப் போனார்கள். ஒரே உதை, ஓரிடத்தில் சின்ன விஷயம், இன்னோரிடத்தில் தீர்ப்பே அதுதான்.

அப்படியானால் நேராக 6 மில்லிமீட்டருக்கே போகலாமே என்று கேட்பீர்கள். பி.ஆர்.எஸ். முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் டாஷர், ஜி.டி. என்று ஏதோ ஒரு 6 மில்லிமீட்டரில்தான் சுடுகிறார்கள். அவர்களில் அநேகம் பேர் தோட்டாவைத் தாங்களே நிரப்புபவர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடையில் அலமாரி நிறையக் கிடைக்கும் தோட்டா எது என்பதுதான் உங்கள் முதல் வடிகட்டி. 6.5 கிரீட்மோருக்கும் .308-க்கும் போட்டித் தரக் கடைத் தோட்டா பல நிறுவனங்களிடமிருந்து வருகிறது. டாஷருக்கு அந்த நிலைமை இல்லை. 6 மில்லிமீட்டர் கிரீட்மோர் கடையில் கிடைக்கும், ஆனால் அது பேரலைத் தின்றுவிடும்.

பேரல் விஷயத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், கடைக்காரர் சொல்லமாட்டார். ஒவ்வொரு ஷாட்டிலும் வெடிமருந்தின் தீப்பிழம்பு பேரலின் தொண்டைப் பகுதியை அரிக்கிறது. எவ்வளவு மருந்து, எவ்வளவு குறுகிய துளை வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து அரிப்பு கூடும். .308-ல் 43 கிரெயின் மருந்து அகலமான துளை வழியாகப் போகிறது. 5000 ஷாட் வரை, சிலருக்கு அதற்கு மேலும், பேரல் போட்டித் தரத்தில் உழைக்கும். 6.5 கிரீட்மோரில் ஏறக்குறைய அதே மருந்து, துளை குறுகல். 2000 முதல் 3000 வரை எதிர்பார்க்கலாம். 6 மில்லிமீட்டர் கிரீட்மோரில் அதைவிடக் குறுகல். 1500 வாக்கிலேயே குழு (டார்கெட்டில் துளைகள் விழும் கொத்து) விரியத் தொடங்கிவிடும். டாஷர் 32 கிரெயின் அளவு மருந்தையே பயன்படுத்துவதால் 6 மில்லிமீட்டரிலேயே நிதானமானது. .300 மேக்னம் 70 கிரெயினுக்கு மேல் எரிக்கிறது, அதன் ஆயுளை நீங்களே ஊகிக்கலாம்.

ஒரு நாள் போட்டிக்கு 80 முதல் 100 தோட்டா ஆகும். மாதம் ஒரு போட்டி, இடையில் இரண்டு பயிற்சி என்று வைத்தால் ஒரு வருடத்தில் 2000-ஐ எளிதாகத் தொட்டுவிடுவீர்கள். ஆக 6.5-ல் ஒன்று ஒன்றரை வருடத்துக்கு ஒரு பேரல், .308-ல் இரண்டரை வருடத்துக்கு ஒன்று. இது .308-க்கு ஒரு நியாயமான ஓட்டு, மறுக்கமாட்டேன். ஆனால் 2000 தோட்டாவின் மொத்த விலையைப் பேரலின் விலையோடு சேர்த்து எழுதிப் பாருங்கள். பேரல் அந்தக் கணக்கில் சின்ன வரியாகத்தான் நிற்கும். தவிர, முதல் பேரல் தேய்ந்து மாற்றும் நாளில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்திருக்கும்; .308, 6.5, 6 மில்லிமீட்டர் கிரீட்மோர், டாஷர் எல்லாவற்றுக்கும் ஓட்டின் அடிப்பகுதி அளவு ஒன்றே. அதே ஆக்‌ஷனில், அதே போல்ட்டில், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் அதே பொறியில், வேறு பேரலை மாட்டினால் போதும். (.223-க்கு இது பொருந்தாது, அதன் அடிப்பகுதி சிறியது.) வாங்கும்போதே பேரல் மாற்ற வசதியான ஆக்‌ஷனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்று எடுக்கும் முடிவு வாழ்நாள் முடிவு அல்ல என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கடைத் தோட்டாவில் ஒரு எச்சரிக்கை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்கள்கூட ஒரே வேகத்தில் போகாது. நல்ல போட்டித் தோட்டாவிலும் பத்து ஷாட்டுக்குள் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் சகஜம். 1000 யார்டில் அது உயரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல். அந்த வளையத்தின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். அதனால் மூன்று நான்கு வகைத் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்கி, குரோனோகிராஃப் என்ற வேகமானி வைத்துச் சுட்டுப் பாருங்கள். 100 யார்டில் குழு அழகாக வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், வேகம் எவ்வளவு சிதறுகிறது என்று பாருங்கள். உங்கள் பேரலுக்குப் பிடித்தது எது என்று தெரிந்ததும் ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் வேகம் மாறும்; மறுபடியும் அளக்க வேண்டும்.

.308 வாங்குவதாக இருந்தால் 168 கிரெயின் பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தப் பழைய வடிவப் புல்லட் 300 மீட்டர் போட்டிக்காக உருவானது, அந்தத் தூரத்தில் அற்புதமானது. 1000 யார்டில் அது ஒலியின் வேகத்துக்குப் பக்கமாக இறங்கிவிடும், அந்த இடத்தில் தள்ளாடத் தொடங்கி எங்கோ போகும். 175 கிரெயின் ஒலிவேகத்துக்கு மேலேயே, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, போய்ச் சேரும். 6.5-ன் 140 கிரெயின் 1200 யார்டைத் தாண்டியும் ஒலியை முந்தியே பறக்கும், அதனால் அங்கே இந்தக் கவலை இல்லை.

.223 பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். 600 யார்டுக்குள் உங்கள் பகுதிப் போட்டிகள் முடிந்துவிடுமென்றால் அது மோசமான தேர்வே இல்லை. தோட்டா மற்றவற்றைவிட மலிவு, உதை இல்லாத மாதிரி, பேரல் நீண்ட நாள் வரும். 1000-ல் காற்று அதைப் பந்தாடும். இரும்புத் தகட்டில் பட்டாலும் தகடு அசைவது தெரியாமல் நடுவர் தவறவிடுவதும் உண்டு. வாங்கினால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேரலுக்குள் வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று. 77 கிரெயின் போன்ற நீண்ட புல்லட்டுக்கு 8 அல்லது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். பழைய 12 அங்குலப் பேரலில் அதைப் போட்டால் சரியாகச் சுற்றாத பம்பரம் மாதிரி தலைகுப்புற விழும், டார்கெட்டில் துளை பக்கவாட்டில் நீளமாக இருக்கும். 6.5 கிரீட்மோரில் கிட்டத்தட்ட எல்லா நிறுவனமும் 8 அங்குலச் சுற்றையே தருவதால் இந்தக் கண்ணி அங்கே இல்லை.

மேக்னம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6.5-ஐவிடக் காற்று விலகல் ஓரளவு குறைவு, உண்மை. அதற்கு விலையாக இரண்டு மடங்குக்கு மேல் உதை, பாதி பேரல் ஆயுள், விலை கூடிய தோட்டா. பல இரும்புத் தகடு மைதானங்களில் தகடு சேதமாகும் என்று உள்ளேயே விடமாட்டார்கள். எல்லாவற்றையும் விட, உதைக்குப் பயந்து டிரிகரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அதைக் கழற்ற ஒரு வருடம் ஆகும். ஒரு மைல் தூரம் சுடுபவர்களுக்கு அதற்கு இடம் உண்டு. நீங்கள் அங்கே இல்லை.

மூன்று வருடம் .22 சுட்டிருக்கிறீர்கள் என்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய சொத்து. அந்த .22-ஐ விற்றுவிடாதீர்கள். 50 மீட்டரிலிருந்து 200 யார்டுக்கு டார்கெட்டை நகர்த்துங்கள், உங்கள் மைதானம் அனுமதித்தால். நொடிக்கு 325 மீட்டரில் கிளம்பும் 40 கிரெயின் புல்லட்டுக்கு 200 யார்டில் தேவைப்படும் உயரத் திருத்தமும் காற்றுத் திருத்தமும், மில் கணக்கில், 6.5 கிரீட்மோருக்கு 1000 யார்டில் தேவைப்படுவதற்குப் பக்கத்தில் வந்துவிடும். கொடி பார்ப்பது, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது, கணித்துத் திருத்திச் சுட்டு, சுட்டதைக் குறித்துவைப்பது எல்லாவற்றையும் அந்த மலிவுத் தோட்டாவிலேயே பழகலாம். பெரிய ரைஃபிளில் மாதம் 150 தோட்டா என்றால் .22-ல் அதைப்போல மூன்று மடங்கு சுடுங்கள். .22-க்கென்றே இந்தப் பாணிப் போட்டிகளும் நடக்கின்றன, அவற்றிலும் இறங்கலாம்.

கடைசியாக மாமாவின் .30-06. முதலில் சட்டம்: லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தால் நீங்கள் அதை எடுத்துப்போய்ச் சுடலாமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது சரியாக இருந்து, போட்டி விதியும் இடம் கொடுத்தால், தாராளமாகப் போங்கள். 1906-லிருந்து வரும் தோட்டா அது, 600 யார்டில் தகட்டைத் தொடுவதற்கு அதற்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் டி.ஆர். பிரிவில் சேர்க்கமாட்டார்கள். வேட்டை ரைஃபிளின் மெல்லிய பேரல் ஐந்தாறு ஷாட்டில் சூடேறிவிடும், அதற்குப் பிறகு புல்லட் போகும் இடம் மெதுவாக நகரும். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆறவிடுங்கள். கழற்ற முடியாத மேகசின் என்றால் நான்கைந்து தோட்டாவுக்கு மேல் போகாது, ஸ்டேஜ் நடுவே ஒவ்வொன்றாகத் திணிக்க நேரம் பறிபோகும். ரைஃபிள் லேசாக இருப்பதால் உதையும் நான் மேலே சொன்ன .308 கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதனால் அன்று புள்ளிப் பட்டியலைப் பார்க்காதீர்கள். போட்டி நடத்துபவரிடம் முன்கூட்டியே “முதல் தடவை, வேட்டை ரைஃபிளோடு வருகிறேன்” என்று சொல்லுங்கள்; அனுபவமுள்ள குழுவோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள். ஸ்டேஜுக்கு இடையில் யாரிடமாவது கேட்டு அவர்கள் 6.5-ல் ஐந்து ஷாட், இன்னொருவரின் .308-ல் ஐந்து ஷாட் சுட்டுப் பாருங்கள். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் தோட்டா கொடுக்கத் தயங்கமாட்டார்கள், அறிவுரை கொடுக்க அதைவிடத் தயங்கமாட்டார்கள். சுடும்போது டிரிகர் அழுத்திய பின் தகடு ஸ்கோப்புக்குள் இருந்ததா, வெளியே போனதா என்று மட்டும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரைஃபிள் வாங்குவது அதற்கு அடுத்த வாரம்.